பெட்டியில் எழுதாத ஒரு விவரம்: பிளாஸ்டிக்கும் சுரப்பிகளும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கப் போகிறவர் கடையில் என்னவெல்லாம் கேட்கிறார்? புராசஸர் எந்தத் தலைமுறை, ராம் எத்தனை ஜிபி, எஸ்.எஸ்.டி. உண்டா, மானிட்டர் எத்தனை இன்ச், வாரண்டி எத்தனை வருடம்? கொஞ்சம் விவரமானவர் என்றால் பவர் சப்ளை எத்தனை வாட்ஸ் என்பதையும் கேட்டுவிடுவார். இந்தக் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்குப் பெட்டியின் மேலேயே பதில் அச்சாகி இருக்கும்.

ஒரு கேள்விக்கு மட்டும் பெட்டியிலும் பதில் இல்லை, கடைக்காரரிடமும் பதில் இல்லை. 'இந்த மானிட்டர், இந்த அடாப்டர், இந்த யு.பி.எஸ். இவற்றின் பிளாஸ்டிக் தீப்பிடிக்காமல் இருக்க அதில் என்ன ரசாயனம் கலந்திருக்கிறது?' என்பதே அந்தக் கேள்வி.

இது வீண் கேள்வி இல்லை. கடந்த 25 ஆண்டுகளில் ஆய்வுக்கூடங்களில் இருந்து வந்திருக்கும் முடிவுகளைப் பார்த்தால், இந்த ரசாயனங்களில் சில பிளாஸ்டிக்கிலேயே தங்கிவிடுவதில்லை என்று தெரிகிறது. தூசியோடு சேர்ந்து உடம்புக்குள் போகின்றன. போன இடத்தில் ஹார்மோன் சுரக்கும் சுரப்பிகளில் சேர்கின்றன. ராம் எத்தனை ஜிபி என்று தெரிந்துகொள்ள நமக்கு உரிமை உண்டு என்றால், இதைத் தெரிந்துகொள்ளவும் உரிமை உண்டு. இதுதான் என் கருத்து. ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பிளாஸ்டிக்கில் ரசாயனம் எதற்கு?

பிளாஸ்டிக் பெரும்பாலும் பெட்ரோலியத்தில் இருந்து வருகிறது. எனவே நன்றாக எரியும். கம்ப்யூட்டருக்குள்ளோ கரண்ட் ஓடுகிறது, சூடு உண்டாகிறது. ஷார்ட் சர்க்யூட் ஆகிப் பொறி பறந்தால் அது பிளாஸ்டிக்கைப் பற்ற வைத்துவிடக் கூடாது. அதற்காகச் சேர்ப்பதுதான் தீத்தடுப்பு ரசாயனம். மதர்போர்டின் பச்சை நிற அட்டைக்கு 'எஃப்.ஆர்.-4' என்று பெயர் என்பதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த எஃப்.ஆர். என்ற இரண்டு எழுத்துகள் தீத்தடுப்பு என்பதன் ஆங்கிலச் சுருக்கம்தான்.

நீண்ட காலமாக இந்த வேலைக்குப் பயன்பட்டவை புரோமின் கலந்த ரசாயனங்கள். சூடு ஏறியதும் புரோமின் வெளியே வந்து, தீச்சுவாலையில் நடக்கும் வேதிவினையை நடுவிலேயே அறுத்துவிடும். விலையும் குறைவு. இவற்றில் புகழ்பெற்ற குடும்பம் பி.பி.டி.இ. எனப்படுவது. அந்தக் குடும்பத்தில் 'டெகா' என்று அழைக்கப்படும் பெரிய அண்ணன்தான் பழைய டிவிக்களிலும் சி.ஆர்.டி. மானிட்டர்களிலும் அதிகம் இருந்தவர். பின்பக்கக் கவரின் எடையில் 10 சதவீதத்துக்கு மேல்கூட இது கலக்கப்பட்டது. கவனியுங்கள், துளியூண்டு அல்ல. ஒரு கிலோ பிளாஸ்டிக்கில் 100 கிராமுக்கு மேல்!

பொரியும் பொரி உருண்டையும்

தீத்தடுப்பு ரசாயனங்களைச் சேர்க்க இரண்டு வழிகள் உண்டு. இந்த வித்தியாசம் புரிந்துவிட்டால் மீதி எல்லாம் எளிது.

வெல்லப் பாகு காய்ச்சிப் பொரி உருண்டை பிடித்தால் பொரியும் பாகும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். உருண்டையைக் குலுக்கினாலும் பொரி தனியே உதிராது. எஃப்.ஆர்.-4 அட்டை இப்படிப்பட்டது. அதில் உள்ள டி.பி.பி.பி.ஏ. என்ற புரோமின் ரசாயனம் எபாக்சி பிசினோடு வேதிப் பிணைப்பாகவே கட்டப்பட்டிருக்கும். எளிதில் வெளியே வராது.

வெறும் பொரியில் பொட்டுக்கடலையைப் போட்டுக் கிளறினால்? கலந்தது போலத்தான் தெரியும். கையை விட்டால் கடலை தனி, பொரி தனி. மானிட்டர் கவரிலும் டிவி கவரிலும் டெகா இருந்தது இந்த மாதிரிதான். பிளாஸ்டிக்கோடு பிணையாமல் நடுவே சும்மா நிற்கும். சூட்டிலும் தேய்மானத்திலும் மெல்ல மெல்ல வெளியே வந்து தூசியில் சேரும்.

கம்ப்யூட்டரில் இருந்து இப்படி வெளியேறுவது வெறும் யூகம் அல்ல. 2000-ம் ஆண்டில் ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் புது மானிட்டர்களை ஓட விட்டுச் சுற்றியுள்ள காற்றைச் சோதித்தார்கள். பிளாஸ்டிக் சூடானதும் டிரைபினைல் பாஸ்பேட் என்ற தீத்தடுப்பு ரசாயனம் காற்றில் வந்தது. புதிதாக இருக்கும்போது அதிகமாகவும், நாளாக ஆகக் குறைவாகவும் வந்தது. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மறுபடி வரும்.

அதற்கு முந்தைய ஆண்டு, 1999-ல், ஸ்வீடனில் இன்னொரு ஆய்வு வெளிவந்தது. பழைய கம்ப்யூட்டர்களைப் பிரித்தெடுக்கும் தொழிலாளிகள், கம்ப்யூட்டரில் வேலை செய்யும் அலுவலக ஊழியர்கள், ஆஸ்பத்திரி துப்புரவுப் பணியாளர்கள் என்று மூன்று குழுவினரின் ரத்தத்தையும் சோதித்தார்கள். பிரித்தெடுப்பவர்களின் ரத்தத்தில் பி.பி.டி.இ. மற்ற இரு குழுக்களையும் விட அதிகமாக இருந்தது. விடுமுறையில் போய்விட்டு வந்தால் அளவு இறங்கியது. எங்கிருந்து ஏறுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமா?

உடம்பில் எங்கே போய்ச் சேருகிறது?

பள்ளிப் பாடத்தில் நாளமில்லாச் சுரப்பிகள் என்று படித்திருப்போம். மூளைக்குக் கீழே பிட்யூட்டரி, கழுத்தில் தைராய்டு, சிறுநீரகங்களின் தலைமேல் தொப்பி போல அட்ரினல், பெண்களுக்குச் சினைப்பை, ஆண்களுக்கு விரை. இவை ஹார்மோன்களை நேரடியாக ரத்தத்தில் விடுகின்றன. மிக மிகக் குறைந்த அளவில் சுரக்கும் இந்த ஹார்மோன்களே வளர்ச்சி, உடல் சூடு, பூப்பு, கர்ப்பம், மன அழுத்தம் என்று எல்லாவற்றையும் இயக்குகின்றன.

டெகாவைப் பற்றி ரொம்ப காலம் சொல்லப்பட்டு வந்த சமாதானம் என்னவென்றால், 'அதன் மூலக்கூறு மிகப் பெரியது, குடலில் உறிஞ்சப்படாது, அப்படியே வெளியேறிவிடும்' என்பதுதான். 1980களில் அமெரிக்காவில் எலிகளிடம் நடந்த சோதனையில் 1 சதவீதத்துக்கும் குறைவாகவே உறிஞ்சப்பட்டதாகச் சொன்னார்கள். 2003-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் கரைக்கும் முறையை மாற்றி மறுபடி சோதித்தபோது குறைந்தது 10 சதவீதம் உள்ளே போனது தெரிந்தது.

அடுத்து 2008-ல் பிரான்சில் இருந்து வந்த ஆய்வுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. கதிரியக்க அடையாளம் இட்ட டெகாவைக் கர்ப்பிணி எலிகளுக்குக் கொடுத்து, அது எந்த உறுப்பில் எவ்வளவு சேர்கிறது என்று அளந்தார்கள். இந்த மாதிரி ரசாயனங்கள் வழக்கமாகக் கொழுப்பில்தான் போய்த் தங்கும். எனவே கொழுப்பில் அதிகம் இருக்க வேண்டும் என்பதே எதிர்பார்ப்பு. வந்த முடிவோ வேறு. அட்ரினல், சினைப்பை ஆகிய ஹார்மோன் சுரப்பிகளிலும் கல்லீரலிலும்தான் செறிவு மிக அதிகம். கொழுப்பில் குறைவு. கருவில் இருந்த குட்டிகளுக்கும் சிறிதளவு போயிருந்தது.

டெகாவோடு ஒப்பிட்டால் சிறிய மூலக்கூறுகளான டெட்ரா, பென்டா வகைகளை எலிகளிடம் சோதித்த இன்னோர் ஆய்வு 2006-ல் வெளிவந்தது. அங்கே கொழுப்போடு அட்ரினலின் வெளிப்புற அடுக்கும் சினைப்பையும் அதிகம் ஏற்றுக்கொண்ட இடங்களாக இருந்தன.

ஏன் சுரப்பிகளைத் தேடிப் போகின்றன? ஒரு காரணத்தைச் சுலபமாகப் புரிந்துகொள்ளலாம். ஹார்மோனைச் சுரந்ததும் ரத்தத்தில் விட வேண்டும் என்பதால் சுரப்பிகளுக்கு ரத்த ஓட்டம் மிக அதிகம். எடைக்கு எடை பார்த்தால் தைராய்டும் அட்ரினலும் உடம்பிலேயே அதிக ரத்தம் ஓடும் உறுப்புகளில் சேர்ந்தவை. டெகா ரத்தப் புரதங்களோடு ஒட்டிக்கொண்டு பயணம் செய்யும் குணம் உடையது. ரத்தம் அதிகம் போகும் இடத்துக்கு அதுவும் அதிகம் போகிறது.

இதில் இன்னொரு சிக்கல். மனித ரத்தத்தில் டெகாவின் அளவு சுமார் 15 நாளில் பாதியாகிவிடும். 'அப்படியானால் கவலை இல்லையே' என்று தோன்றும். தினமும் புதிதாகத் தூசி உள்ளே போய்க்கொண்டே இருந்தால்? தொட்டியில் இருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தாலும் மேலே குழாய் திறந்திருந்தால் தொட்டி காலியாகாது. மேலும் ரத்தத்தில் குறைவாக இருப்பதை வைத்துச் சுரப்பியிலும் குறைவு என்று சொல்லிவிட முடியாது. சோதனைக்குக் கையில் குத்தி ரத்தம் எடுக்கலாம். உயிரோடு இருப்பவரின் அட்ரினலில் குத்தி எடுக்க முடியுமா?

பின் பொருந்துகிறது, வோல்டேஜ் வேறு

சரி, சுரப்பியில் போய் உட்கார்ந்தால் என்ன ஆகும்? தைராய்டை எடுத்துக்கொள்வோம். நம் வீடுகளில் காலையில் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை போடுபவர் ஒருவராவது இருப்பார். அந்த மாத்திரையில் இருப்பது தைராக்சின் என்ற ஹார்மோன். அதன் மூலக்கூறில் இரண்டு வளையங்களை ஓர் ஆக்சிஜன் அணு இணைக்கிறது. வளையங்களின் மேல் நான்கு அயோடின் அணுக்கள் இருக்கும். உப்பில் அயோடின் கலப்பது இதற்காகத்தான்.

இப்போது பி.பி.டி.இ.யைப் பாருங்கள். அதிலும் இரண்டு வளையங்கள். நடுவில் ஓர் ஆக்சிஜன் அணு. அயோடினுக்குப் பதிலாகப் புரோமின். அயோடினும் புரோமினும் தனிம வரிசை அட்டவணையில் ஒரே பத்தியில் மேலும் கீழுமாக உட்கார்ந்திருப்பவை. அதாவது உறவினர்கள்.

வேறொரு லேப்டாப்பின் சார்ஜரை எடுத்து நம் லேப்டாப்பில் செருகினால் சில சமயம் பின் கச்சிதமாகப் பொருந்திவிடும். வோல்டேஜ் மட்டும் வேறாக இருக்கும். அந்த மாதிரிதான் இதுவும். ரத்தத்தில் தைராக்சினைச் சுமந்து செல்லும் டிரான்ஸ்தைரெட்டின் என்று ஒரு புரதம் இருக்கிறது. 2000-ம் ஆண்டில் நெதர்லாந்து ஆய்வாளர்கள் சோதனைக் குழாயில் பார்த்தபோது, டி.பி.பி.பி.ஏ. அந்தப் புரதத்தில் தைராக்சினை விடப் பத்து மடங்கு வரை வலுவாக ஒட்டிக்கொண்டது. உடம்புக்குள் போன பி.பி.டி.இ. மாற்றம் அடைந்து உருவாகும் சில பொருள்களும் இப்படியே ஒட்டுகின்றன. எலிகளுக்குப் பென்டா கலவையைக் கொடுத்தபோது ரத்தத்தில் தைராக்சின் குறைந்தது.

கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களில் குழந்தைக்குச் சொந்தத் தைராய்டு வேலை செய்யத் தொடங்கியிருக்காது. மூளை வளர்ச்சிக்கு அம்மாவின் தைராக்சினை நம்பித்தான் இருக்கும். 2010-ல் நியூயார்க்கில் வெளியான ஆய்வில், பிறக்கும்போது தொப்புள்கொடி ரத்தத்தில் பி.பி.டி.இ. அதிகம் இருந்த குழந்தைகள் பின்னாளில் அறிவுத்திறன் சோதனைகளில் சற்றுக் குறைந்த மதிப்பெண் பெற்றார்கள்.

பூனைகள் சொன்ன செய்தி

1970களின் இறுதியில் அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் ஒரு புது நோயைப் பூனைகளிடம் பார்க்க ஆரம்பித்தார்கள். தைராய்டு அளவுக்கு மீறிச் சுரந்து, எவ்வளவு தின்றாலும் பூனை இளைத்துக்கொண்டே போகும். பிறகு இது வயதான வீட்டுப் பூனைகளுக்குச் சர்வசாதாரணமான நோயாகிவிட்டது.

2007-ல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவன ஆய்வாளர்கள் 23 வீட்டுப் பூனைகளின் ரத்தத்தைச் சோதித்தார்கள். அமெரிக்க மனிதர்களிடம் சராசரியாகக் காணப்பட்டதைப் போல 20 முதல் 100 மடங்கு வரை பி.பி.டி.இ. இருந்தது. காரணம் எளிது. பூனை தரையிலும் சோபாவிலும் புரளும். டிவி மேல் ஏறித் தூங்கும். எழுந்ததும் உடம்பு முழுக்க நக்கிச் சுத்தம் செய்யும். தூசி எல்லாம் வயிற்றுக்குள். பூனையின் தைராய்டு நோய்க்கு இதுதான் காரணம் என்று அந்த ஆய்வு நிரூபித்துவிடவில்லை. ஆனால் தரையில் புரண்டு, கையை வாயில் வைக்கும் இன்னொரு ஜீவனும் நம் வீட்டில் உண்டு. தவழும் குழந்தை!

மனிதர்களிடமும் இதே கேள்வி கேட்கப்பட்டது. 2017-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தைராய்டு புற்றுநோய் உள்ள 70 பேர், இல்லாத 70 பேர் ஆகியோரின் வீட்டுத் தூசியைச் சோதித்தார்கள். தூசியில் டெகா அதிகம் இருந்த வீட்டினருக்கு அந்த நோய் இருக்கும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. 140 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. இதை வைத்து 'டிவி வைத்திருந்தால் கேன்சர்' என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நம்பாதீர்கள். இரண்டும் சேர்ந்து காணப்படுகின்றன என்பது வேறு, ஒன்று மற்றொன்றை உண்டாக்குகிறது என்பது வேறு. உங்கள் வீட்டில் ஒருவருக்குத் தைராய்டு பிரச்சினை என்றால் அதற்குக் கம்ப்யூட்டர்தான் காரணம் என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை.

பெயர் மாறியது, கதை மாறவில்லை

அப்படியானால் தடை செய்துவிட வேண்டியதுதானே? செய்தார்கள். அங்கேதான் கதை சுவாரசியமாகிறது.

1973-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஒரே கம்பெனி 'பயர்மாஸ்டர்' என்ற தீத்தடுப்பு ரசாயனத்தையும் 'நியூட்ரிமாஸ்டர்' என்ற கால்நடைத் தீவனச் சத்துப் பொருளையும் தயாரித்து வந்தது. மூட்டை மாறிப்போனது. தீத்தடுப்பு ரசாயனம் மாட்டுத் தீவனத்தில் கலந்து, பால், இறைச்சி, முட்டை வழியாக மாநிலம் முழுக்க மக்களுக்குப் போனது. சுமார் 30,000 மாடுகளும் 15 லட்சம் கோழிகளும் அழிக்கப்பட்டன. பாதிக்கப்பட்ட குடும்பங்களை இன்றும் ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். அம்மாவின் கர்ப்பத்திலும் தாய்ப்பாலிலும் அதிக அளவில் இதைப் பெற்ற பெண் குழந்தைகள் மற்றவர்களை விட முன்னதாகவே பூப்படைந்தார்கள் என்பது 2000-ல் வெளியான முடிவு. மறுபடி ஹார்மோன்தான்.

அந்த ரசாயனம் போய்ப் பி.பி.டி.இ. வந்தது. பென்டா, ஆக்டா வகைகளின் தயாரிப்பு அமெரிக்காவில் 2004 இறுதியில் நின்றது. ஐரோப்பாவில் 'ரோஹ்ஸ்' சட்டம் 2006 ஜூலை முதல் எலக்ட்ரானிக்ஸ் பொருள்களில் இவற்றுக்கு 0.1 சதவீதம் என்று வரம்பு விதித்தது. டெகாவுக்கு முதலில் விலக்கு கொடுத்தார்கள். ஐரோப்பிய நீதிமன்றம் 2008-ல் அந்த விலக்கை ரத்து செய்தது. ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் தடைப் பட்டியலில் டெகா 2017-ல் சேர்ந்தது. இந்தியாவிலும் மின்கழிவு விதிகளின் கீழ் 2014 மே முதல் அதே 0.1 சதவீத வரம்பு இருக்கிறது.

எனவே இன்று நீங்கள் வாங்கும் புதுக் கம்ப்யூட்டரில் பி.பி.டி.இ. இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. நல்ல செய்திதான். ஆனால் அதன் இடத்தில் என்ன வந்தது?

பென்டாவுக்குப் பதிலாக மெத்தை, சோபாக்களுக்கு வந்த கலவையின் பெயர் 'பயர்மாஸ்டர் 550'. பெயரைக் கவனித்தீர்களா? 2013-ல் கர்ப்பிணி எலிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தபோது அது தாயிடமும் குட்டிகளிடமும் சேர்ந்தது. தாயின் தைராக்சின் அளவு ஏறியது. பெண் குட்டிகள் சீக்கிரம் பருவமடைந்தன. கம்ப்யூட்டர் கவர்களிலோ பாஸ்பரஸ் வகை ரசாயனங்களின் பங்கு கூடியது. அவற்றில் ஒன்றுதான் ஸ்டாக்ஹோமில் மானிட்டரில் இருந்து வந்த டிரைபினைல் பாஸ்பேட். 2024 நவம்பரில் ஐரோப்பிய ரசாயன முகமை அதை மிகுந்த கவலைக்குரிய பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. காரணம், சுற்றுச்சூழலில் உள்ள உயிர்களின் ஹார்மோன்களைக் குழப்பும் தன்மை. மானிட்டரில் இருந்து வருகிறது என்று கண்டுபிடித்து 24 வருடம் கழித்து!

சாப்ட்வேர் எழுதும் எங்களுக்கு இது பழகிய வியாதி. வெர்ஷன் எண் மாறியிருக்கும், பழைய பக் அப்படியே இருக்கும். எங்கள் தொழிலில் சோதித்த பிறகுதான் ரிலீஸ் செய்ய வேண்டும் என்பது விதி. ரசாயனத்தில் ரிலீஸ் செய்த பிறகு சோதிக்கிறார்கள். சோதனைக்கு உட்படுவது நம் வீட்டுத் தூசி.

பழைய டிவி கரண்டியாக வந்த கதை

தடை செய்த ரசாயனம் உடனே உலகத்தை விட்டுப் போய்விடாது. பழைய டிவி, மானிட்டர் கவர்களை உருக்கி மறுசுழற்சி செய்யும்போது அதில் இருந்த டெகாவும் புதுப் பொருளுக்குள் வந்துவிடுகிறது. 2024-ல் அமெரிக்காவில் 203 கறுப்பு பிளாஸ்டிக் பொருள்களைச் சோதித்தார்கள். சமையலறைக் கரண்டிகளிலும் பொம்மைகளிலும்கூட டெகா இருந்தது. உலகம் முழுக்கப் பரபரப்பு. 'கறுப்புக் கரண்டியைத் தூக்கி எறியுங்கள்' என்று செய்திகள் பறந்தன.

சில வாரங்களில் அந்த ஆய்வில் ஒரு கணக்குப் பிழை வெளிவந்தது. 60 கிலோ எடையுள்ளவருக்கான வரம்பைக் கணக்கிட 7,000-ஐ 60-ஆல் பெருக்க வேண்டும். விடை 4,20,000. அவர்கள் எழுதியது 42,000. ஒரு பூஜ்யம் விட்டுப்போனது! அதனால் கரண்டியில் இருந்து வரும் அளவு வரம்பை நெருங்குவது போலத் தெரிந்தது. உண்மையில் அது வரம்பில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆய்வாளர்கள் திருத்தம் வெளியிட்டார்கள்.

இதில் இரண்டு பாடங்கள் உண்டு. ஒன்று, பயப்படும் முன் கணக்கைச் சரிபார்க்க வேண்டும். இரண்டு, கணக்கு தப்பானாலும் டெகா கரண்டிக்குள் வந்தது தப்பான செய்தி அல்ல. சமையலறைக் கரண்டிக்குத் தீத்தடுப்பு ரசாயனம் எதற்கு? யாரும் கேட்டு வாங்கவில்லை. யாருக்கும் தெரியாமலே வந்தது.

தீ முக்கியமில்லையா?

'ரசாயனம் வேண்டாம் என்கிறாயே, வீடு பற்றி எரிந்தால் பரவாயில்லையா?' என்று யாராவது கேட்டால் அது நியாயமான கேள்வி. வோல்டேஜ் ஏறி இறங்கும் ஊரில், ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஐந்து பிளக் செருகும் நம் வீடுகளில் தீப் பாதுகாப்பு கட்டாயம் வேண்டும். அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

ஆனால் தீயா சுரப்பியா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது தவறு. சூடாகும் பவர் சப்ளையை உலோகப் பெட்டிக்குள் வைக்கலாம். கவரையே அலுமினியத்தில் செய்யலாம். ரசாயனம் வேண்டிய இடத்தில் பொட்டுக்கடலையாகத் தூவாமல் பொரி உருண்டையாகப் பிணைக்கலாம். ஸ்வீடனின் ஊழியர் சங்கக் கூட்டமைப்பு கொண்டுவந்த டி.சி.ஓ. முத்திரை, மானிட்டர்களின் பெரிய பிளாஸ்டிக் பாகங்களில் புரோமின், குளோரின் வகைத் தீத்தடுப்பான்கள் கூடாது என்று 1990களிலேயே சொல்லிவிட்டது. 2021 மார்ச் முதல் ஐரோப்பாவில் விற்கும் டிவி, மானிட்டர்களின் கவரிலும் ஸ்டாண்டிலும் இவை கூடவே கூடாது என்பது சட்டம். முடியும் என்பதற்கு வேறு என்ன ஆதாரம் வேண்டும்?

பெட்டியில் எழுதட்டும்

பிஸ்கட் பாக்கெட்டில் என்னென்ன கலந்திருக்கிறது என்று எழுதுகிறார்கள். ஃபிரிட்ஜில் நட்சத்திரம் ஒட்டுகிறார்கள். பத்து வருடம் நம் அறையில் சூடாகிக்கொண்டே இருக்கப் போகும் ஒரு மெஷினுக்கு ஏன் ஒரு வரி எழுதக் கூடாது? 'கவர் பிளாஸ்டிக்: இந்த வகை. தீத்தடுப்பு: இந்த ரசாயனம்.' அவ்வளவுதான். கம்பெனிகளுக்கு இது தெரியாத விவரம் அல்ல.

உண்மையில் பாதி வேலை ஏற்கெனவே நடந்திருக்கிறது. உங்கள் அடாப்டரையோ மானிட்டர் கவரின் உட்புறத்தையோ பாருங்கள். பெரும்பாலும் பிளாஸ்டிக்கின் பெயரும் அதன் பக்கத்தில் எஃப்.ஆர். என்ற எழுத்துகளும் அடைப்புக்குறிக்குள் ஓர் எண்ணும் அச்சாகி இருக்கும். மறுசுழற்சி செய்பவர்களுக்கான சர்வதேசக் குறியீடு இது. எண் 18 அல்லது 19 என்றால் பி.பி.டி.இ. வகை. 16 அல்லது 17 என்றால் வேறு புரோமின் வகை. 40 என்றால் புரோமினும் குளோரினும் இல்லாத பாஸ்பரஸ் வகை. 40 என்பது முழு நற்சான்றிதழ் அல்ல, டிரைபினைல் பாஸ்பேட்டும் பாஸ்பரஸ் வகைதான். 'ஹாலோஜன் இல்லாதது' என்ற ஸ்டிக்கருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். குப்பையில் பிரிப்பவருக்குச் சொல்லும் விவரத்தைக் காசு கொடுத்து வாங்குகிறவருக்கும் புரியும்படி சொன்னால் என்ன?

அதுவரை நாம் செய்யக்கூடியவை

முதலாவது, கை கழுவுவது. 2011-ல் பாஸ்டன் அலுவலக ஊழியர்களிடம் நடந்த ஆய்வில் நாளுக்கு நான்கு முறையாவது கை கழுவியவர்களின் கைகளில் பி.பி.டி.இ. குறைவாக இருந்தது. கீபோர்டில் ஒரு கை, மிக்சர் தட்டில் ஒரு கை என்ற பழக்கத்தை இன்றோடு விடுங்கள்.

இரண்டாவது, தூசியை ஈரத் துணியால் துடையுங்கள். காய்ந்த துணியால் தட்டினால் தூசி இடம் மாறும், போகாது. 2019-ல் நியூயார்க்கில் 32 பெண்களைக் கொண்டு நடந்த சோதனையில், கை கழுவுவதையும் வீட்டைச் சுத்தம் செய்வதையும் கூட்டியதும் இரண்டே வாரத்தில் இந்த ரசாயனங்களின் அளவு இறங்கியது. செலவில்லாத வைத்தியம்!

மூன்றாவது, சி.பி.யூ. கேபினட்டைத் திறந்து புளோயர் அடிப்பதாக இருந்தால் கரண்ட்டைத் துண்டித்து, வெளியே மொட்டை மாடிக்கோ திண்ணைக்கோ கொண்டுபோய்ச் செய்யுங்கள். மூக்கில் மாஸ்க் போடுங்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் பக்கத்தில் வேண்டாம்.

நான்காவது, புதுக் கம்ப்யூட்டரை முதல் சில வாரங்கள் ஜன்னலைத் திறந்து வைத்துப் பயன்படுத்துங்கள். பின்பக்கக் காற்றோட்டத்தை அடைக்காதீர்கள். சூடு குறைந்தால் வெளியேறுவதும் குறையும்.

ஐந்தாவது, மிக முக்கியமானது. பழைய மானிட்டரையும் வயரையும் எரிக்கவோ, எரிப்பவரிடம் எடைக்குப் போடவோ வேண்டாம். சீனாவில் மின்கழிவைக் கையால் பிரித்த குய்யூ நகரத்து மக்களின் ரத்தத்தில் இருந்த டெகாவின் அளவு, 2007-ல் அது வெளியானபோது, அதுவரை உலகில் பதிவானவற்றிலேயே மிக அதிகம். நாம் தூக்கிப் போட்டது யாரோ ஒருவரின் சுரப்பியில் போய்ச் சேரக் கூடாது. அரசிடம் பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனத்திடமே கொடுங்கள். பல கம்பெனிகள் தாங்களே திரும்ப எடுத்துக்கொள்கின்றன. வாங்கும்போதே அதையும் கேட்டு வையுங்கள்.

அடுத்த முறை கடைக்குப் போகும்போது ராம், புராசஸர் எல்லாம் கேட்டு முடித்த பிறகு இந்த ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள். கடைக்காரர் விழிப்பார். பரவாயில்லை. பத்துப் பேர் கேட்டால் அவர் டீலரிடம் கேட்பார். நூறு டீலர்கள் கேட்டால் கம்பெனி பெட்டியில் அச்சடிக்கும். எஸ்.எஸ்.டி. உண்டா இல்லையா என்பது பெட்டியில் வந்ததும் இப்படித்தான்.